பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

 

மஸ்ஜிதுந் நபவியில் தங்கியிருந்த வீடற்ற ஸஹாபாக்களை, திண்ணைத் தோழர்களை, மிம்பரில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதே பள்ளியில் வீடில்லாத ஒரு பெண்மணியும் தங்கியிருந்தார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அவர் விடுதலை செய்யப்பட்ட அடிமைப்பெண். விடுதலைக்குப் பிறகும் அந்தக் கோத்திரத்தாருடனேயே இருந்தார். ஒருநாள் அங்குள்ள சிறுமியின் சிவப்புத் தோல் அணிகலன் காணாமல் போனது. கீழே கிடந்ததை இறைச்சி என்று எண்ணிப் பருந்து தூக்கிச் சென்றுவிட்டது. பழியோ இவர்மீது விழுந்தது. மறைவிடத்தைக்கூட விடாமல் சோதித்தார்கள். எல்லோரும் சூழ்ந்து நிற்கும்போதே பருந்து வந்து அதைப் போட்டது. பிறகு அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இஸ்லாத்தை ஏற்றார். பள்ளிவாசலிலேயே அவருக்கு ஒரு சிறு கூடாரம் இருந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து பேசிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் அந்த நாளைப் பற்றி ஒரு கவிதை சொல்வார். ‘இதை ஏன் எப்போதும் சொல்கிறீர்?’ என்று அன்னையவர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டதால்தான் இந்தச் செய்தி புகாரியில் பதிவாகி நம்மிடம் வந்திருக்கிறது.

இப்போது நம் சென்னைக்கு வருவோம். கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு பாரிமுனை, மண்ணடிப் பக்கம் நடந்து பாருங்கள். பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களில் பகலில் நம் கடைகளுக்கே மூட்டை சுமப்பவர்கள் உண்டு. தலைமுறைகளாக அங்கேயே வாழும் குடும்பங்களும் உண்டு. பள்ளியில் ஒரு ஜோடி செருப்பு காணாமல் போனால் நாம் முதலில் யாரைப் பார்க்கிறோம்?

ஜும்ஆ முடிந்து பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறோம். நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் அவர்களிடம் கேட்டால் சோற்றைவிடப் பெரிய கஷ்டம் கக்கூஸ் என்பார்கள், பெண்கள் முக்கியமாக. ஆதார் அட்டையை மழையில் நனையாமல் வைக்கவும் இடமில்லை.

நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, 1913-க்கு அழைத்துக் கேட்கலாம். சிலர் வர மறுப்பார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் காப்பகம் என்றால் குடும்பம் பிரிய வேண்டும். பிழைப்பும் இங்கேதான். அதற்காகக் கோபப்படாதீர்கள்.

ஜகாத்தில் தங்குமிடம் கட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தை ஏழைக்கு உடைமையாக்கித் தர வேண்டும், கட்டடத்திற்குச் செலவிட முடியாது. ஆனால் வீடில்லாத ஏழை முஸ்லிமின் கையில் கொடுத்தால், அவர் அதை வீட்டு அட்வான்ஸாகக் கட்டிக்கொள்ளலாம். பிற மதத்தாருக்கு ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுங்கள். அதற்குத் தடையே இல்லை.

இருவருக்கு உணவு வைத்திருப்பவர் திண்ணைத் தோழர்களில் ஒருவரை மூன்றாமவராக அழைத்துச் செல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பங்கிட்டார்கள். அபூபக்ர் (ரலி) மூவரை அழைத்துச் சென்றார்கள், நபியவர்கள் பத்துப் பேரை. நம் மஹல்லாவிலும் ஒரு தெருவுக்கு ஒரு குடும்பம் என்று பொறுப்பேற்றால் போதும்.

இன்ஷா அல்லாஹ், வரும் வியாழன் இஷாவுக்குப் பிறகு நானும் சில இளைஞர்களும் புறப்படுகிறோம். அன்று பொட்டலம் வேண்டாம், நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். அங்குள்ள பெண்களிடம் பேச, உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.