இரண்டு இரவு, ஒரு சின்ன ஊர்

வெள்ளிக்கிழமை நெருங்கினால் சென்னையில் வேலை பார்க்கும் இளையவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் விழும் பெயர்கள் ஊட்டியும் கொடைக்கானலும்தான். அந்த இரண்டு மலைகளும் எவ்வளவு திணறுகின்றன என்பதற்கு ஒரு சான்று போதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால், 2024 மே 7 முதல் அங்கே போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஓய்வுக்குக் கிளம்பியவர்கள், கொண்டை ஊசி வளைவில் முன்னால் நிற்கும் வேனின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே இரண்டு இரவைச் சமவெளியிலோ மலையடியிலோ ஒரு சின்ன ஊரில் கழிக்கலாம். காரைக்குடி, தரங்கம்பாடி, கும்பகோணம், தென்காசி என்று நான்கு ஊர்களை எடுத்துக்கொண்டால், நான்குக்கும் சொந்த வண்டி தேவையில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? பார்க்க வேண்டியவை எங்கே அதிகம் என்று கணக்குப் போட்டால் ஓய்வு கிடைக்காது. ரயிலை விட்டு இறங்கிய பிறகு எத்தனை தடவை ஆட்டோ பேச வேண்டியிருக்கும், பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை எங்கே இருப்பது என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம். தமிழ்நாட்டுப் பயணங்கள் பெரும்பாலும் அந்த நான்கு மணி நேரத்தில்தான் கெட்டுப்போகின்றன.

அந்த வகையில் காரைக்குடிக்கு நிகரில்லை. மதிய வெயிலைச் சமாளிக்கவென்றே கட்டிய வீடுகள் அங்கே இருக்கின்றன. முகப்பைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அதற்கப்பால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி; ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்கள். சுவரில் கை வைத்தால் மே மாதத்திலும் குளிரும். பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் குலதெய்வக் கும்பிடுக்கும்தான் பங்காளிகள் கூடுகிறார்கள். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. அவற்றின் வாடகை இளைஞர்களின் பைக்குக் கனம்தான். ஊருக்குள் லாட்ஜில் தங்கிக்கொண்டு ஒருநாள் முழுக்க ஓர் ஆட்டோவைப் பேசிவிடுவது மேல். டவுன் பஸ் உண்டு. ஆனால் அதன் நேரத்துக்கு நாளைக் கட்டிப்போட வேண்டிவரும்.

ஆத்தங்குடியில் அவசரப்படக் கூடாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ண சிமென்ட் குழம்பை அகப்பையால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் போட்டு மூடுகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போது தகட்டின் வழவழப்பு ஓட்டின் மேல் ஏறியிருக்கும். கணினித் திரையையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அரை மணி நேரம் இதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். வரைபவர்களும் படம் எடுப்பவர்களும் காரைக்குடியை யோசிக்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஊருக்குள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள், சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் காரத் துவையலும். ஒரே சிக்கல் ரயில் நேரம். பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னையில் பிற்பகலில் கிளம்பி இரவில்தான் காரைக்குடி சேரும். திரும்பும்போது அதிகாலையில் புறப்படும். ஆக, வெள்ளியன்று அரைநாள் விடுப்பு வேண்டும். தனியாக வரும் பெண்கள், இரவில் வந்து சேர்வதாக விடுதிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தரங்கம்பாடி இதற்கு நேர் எதிர். அங்கே ஆட்டோவுக்கு வேலையே இல்லை. 1792-இல் கட்டிய நுழைவாயிலுக்குள் கால் வைத்தால் ராஜ வீதி. அதன் மறுமுனை கடல். நடுவே 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது இந்த இரண்டாவது தேவாலயத்தில்தான். கடலோரம் டேனியர் 1620-இல் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. அதற்குப் பக்கத்தில் 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எல்லாவற்றையும் செருப்புத் தேயாமல் ஒரு காலையில் பார்த்துவிடலாம். 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கப்பல் வாணிபம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது. இன்றைய அமைதி அப்படி வந்ததுதான்.

அந்த அமைதியைத் தாங்குகிறவர்கள்தான் போக வேண்டும். உணவகங்கள் குறைவு, இரவில் கடைகள் சீக்கிரம் அடைந்துவிடும், கோட்டைக்கு முன்னால் கல் கொட்டிய கரையில் நீந்தவும் முடியாது. நான்கு நண்பர்கள் சேர்ந்து போனால் சனிக்கிழமை சாயங்காலமே ‘அடுத்து என்ன?’ என்பார்கள். புத்தகத்தோடு தனியாக வருபவருக்கும், பேசித் தீராத இருவருக்கும் இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஊருக்கு ரயில் கிடையாது. இரவு ரயிலில் மயிலாடுதுறை வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். வழியில்தான் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் பஸ் நிரம்பினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கும்பகோணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவு ரயிலில் ஏறினால் விடியலில் டிகிரி காபி. போக்குவரத்தில் குறையே இல்லை. ஆனால் அந்த ஊர் வந்தவரின் கையில் ஒரு பட்டியலைத் திணித்துவிடும். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, முதுகுவலியோடு ஊர் திரும்புபவர்கள் ஏராளம். நண்பகலில் கோயில்கள் வேறு சாத்திவிடும். ஓய்வுதான் நோக்கமென்றால் ஒரு நாளைக்கு ஒரே கோயில் என்று உறுதி வேண்டும். அந்த ஒன்று தாராசுரமாக இருக்கட்டும். 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த ஐராவதேசுவரர் கோயிலின் விரல் நீளச் சிற்பங்கள் நிதானமாகப் பார்ப்பவருக்கு மட்டுமே கண்ணில் படும். மறுநாள் சுவாமிமலையில் காவிரி வண்டலில் வார்ப்பு எடுக்கும் பட்டறைகளைப் பார்க்கலாம். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான்கில் இதுதான் வசதி.

நண்பர் கூட்டத்துக்கு உரியது தென்காசி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் வந்துகொண்டே இருக்கும். அப்போது மதிய வெயில் என்ற கேள்வியே எழாது. குற்றாலத்தில் அறை எடுக்காமல் தென்காசி ஊருக்குள் தங்குவதுதான் புத்திசாலித்தனம். டவுன் பஸ்ஸில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். சனி, ஞாயிறு பகலில் மெயின் அருவியில் தலை நனைப்பதற்குள் தோள் நசுங்கிவிடும். விடியற்காலையில் போய்விட வேண்டும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். அப்போது காவலர்களோடு வாதாடக் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது.

அருவி மூடியிருந்தாலும் நாள் வீணாகாது. சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கலாம். செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காத்திருக்கும். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால்தான் அந்த இடத்துக்கு ‘பார்டர்’ என்று பெயர்.

நேரக் கணக்கிலும் தென்காசிக்கே முதலிடம். பொதிகை எக்ஸ்பிரஸ் வெள்ளி இரவு சென்னையிலிருந்து கிளம்பி சனி காலையில் கொண்டுபோய்விடும். ஞாயிறு மாலை ஏறினால் திங்கள் விடியலில் சென்னை. ஒருநாள் விடுப்பும் செலவாகாது. இதை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டதால் சீசனில் சீட்டுக் கிடைப்பதுதான் பாடு. முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜூன் கடைசி வாரச் சாரலுக்கு ஆசைப்படுபவர்கள் ஏப்ரல் கடைசியிலேயே, முன்பதிவு தொடங்கும் காலை எட்டு மணிக்கு, கைபேசியோடு தயாராக இருக்க வேண்டும்.