பதற்றமும் மூளை அலைப் பயிற்சியும்

பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, உளியோடு நிரையில் இறங்கும் பால்மரத் தொழிலாளிக்குக் கவலைகள் பல உண்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை. பால் விலை இறங்கினால் வருமானம் குறைகின்றது. பேராக் மாநிலத்தில் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டதைக் கண்டோர்க்கு, அடுத்தது நம் தோட்டமோ என்னும் அச்சமும் எழுகின்றது. இவை இயல்பான கவலைகளே. காரணம் நீங்கியதும் இவையும் நீங்கும்.

ஆனால் சிலரிடத்துக் காரணம் நீங்கிய பின்னரும் கவலை நீங்குவதில்லை. நெஞ்சு படபடக்கின்றது, மூச்சு முட்டுகின்றது, கை சில்லிட்டு உள்ளங்கை வியர்க்கின்றது, இரவில் உறக்கம் வருவதில்லை. இந்நிலை பல வாரங்கள், பல மாதங்கள் நீடித்து வேலையையும் குடும்பத்தையும் பாதிக்குமாயின், அதனைப் பதற்ற நோய் என்று மருத்துவர்கள் கூறுவர். இது கோழைத்தனமும் அன்று. காற்றுச் சேட்டையும் அன்று. ஆபத்துக் காலத்தில் நம்மைக் காக்கவென்று உடலில் அமைந்துள்ள எச்சரிக்கை மணி, ஆபத்து இல்லாத வேளையிலும் ஓயாது அடித்துக்கொண்டிருப்பதே இதன் தன்மை.

பெயருக்கு அஞ்சி மறைத்தல்

இந்நோயை நம்மவர் பலர் மறைத்துவிடுகின்றனர். ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் மருத்துவமனை 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அவ்வூரின் பெயரே நாளடைவில் ஏளனச் சொல்லாகிவிட்டது. மனநலத்தைப் பற்றி வாய் திறந்தால் அப்பெயரைச் சொல்லிச் சிரிப்பார்களே என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அம்மருத்துவமனை இப்போது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்குகின்றது. பஹாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். பதற்ற நோயாளருள் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதே இல்லை. வீட்டிலிருந்தபடியே குணம் பெறலாம் என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் எழும் அலைகள்

மூளையின் உயிரணுக்கள் மிக நுண்ணிய மின்னாற்றலால் இயங்குகின்றன. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து, 1929ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது வினாடிக்கு 8 முதல் 13 வரையில் எழும் அலைக்கு ஆல்பா என்று பெயர். விழிப்போடு செயற்படும்போது அதனினும் விரைவான பீட்டா அலைகள் மிகுகின்றன.

இவ்வலைகளைப் பயிற்சியால் மாற்ற இயலுமா? 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா என்பவர் இதனை ஆராய்ந்தார். மணி ஒலிக்கும்போது, தம் மூளையில் ஆல்பா அலை உள்ளதா இல்லையா என்று பயிற்சி பெறுவோர் கூறவேண்டும். சரியா தவறா என்பது உடனே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சில நாட்களில் பலர் சரியாகக் கூறத் தொடங்கினர். புதுதில்லியின் அகில இந்திய மருத்துவக் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகியரை ஆராய்ந்து 1961ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 4 பாகைக் குளிர்நீரில் 45 நிமிடங்களுக்கு மேல் கையை வைத்திருந்தபோதும் இரு யோகியரின் ஆல்பா அலை நீங்காதிருந்தது.

உளி பிடிக்கப் பழகுவது போல

பால்வெட்டுக்குப் புதிதாக வந்தவரை நினைத்துப் பாருங்கள். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். வெட்டிய பட்டையைக் கண் உடனே காண்கின்றது. அதனைக் கண்டே கை திருந்துகின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டினால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் தொழில் படியுமா?

நம் மூளையை நாம் காண இயலாது. அந்தக் குறையை நீக்குவதே மூளை அலைப் பின்னூட்டப் பயிற்சி. தலைமேல் சிறு உலோக வில்லைகளைப் பசையிட்டு ஒட்டுவர். அவை மூளையின் அலைகளைக் கருவிக்கு அனுப்பும். உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை. வேண்டிய அலை எழும்போது திரையில் படம் தெளிவாகும், அல்லது இனிய ஒலி கேட்கும். அதனைத் தொடர்ந்து எழுப்பப் பயிற்சி பெறுபவர் முயல்வார். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தலைக்காயம் உற்றோருக்கு இப்பயிற்சியை அளித்து ஆராய்ந்துள்ளனர்.

பயனும் வரம்பும்

பதற்றம் தணிந்ததாகக் கூறும் ஆய்வுகள் சில உண்டு. எனினும் பயன் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் உறக்கமின்மை உடையோரிடம் நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உண்மைப் பயிற்சி பெற்றோரும் போலிப் பயிற்சி பெற்றோரும் ஒத்த அளவிலேயே நன்மை உணர்ந்தனர். ஆகவே, கருவி நோயைத் தீர்த்துவிடும் என்று எவரேனும் உறுதியளித்தால், சேமித்த பணத்தை அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது. கருவி ஒரு கண்ணாடியே. பழக வேண்டியவர் நாமே.

வீட்டிலேயே பழகலாம்

கருவியின்றியும் உடலின் பதிலைக் காணலாம். ஓரிடத்தில் அமர்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணுங்கள். பின்னர் நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இவ்வாறு ஐந்து நிமிடங்கள் செய்து, நாடியை மீண்டும் எண்ணுங்கள். துடிப்புக் குறைவதும், சில்லிட்ட கை வெதுவெதுப்பாவதும் உடல் நமக்குத் தரும் விடை. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடவேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில் செய்வது நன்று. ஒரு நாளில் பலன் காணாவிடினும் மனந்தளரலாகாது. உளியும் ஒரு நாளில் படிவதில்லை.

மருத்துவரை நாடுவோம்

இப்பயிற்சி மருத்துவத்திற்கு மாற்று அன்று. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இருதய நோயாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பதற்றம் நீடித்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மருத்துவரிடம் மறையாமல் கூறுங்கள். எண்ணங்களைச் சீர்ப்படுத்தும் உரையாடல் மருத்துவமும் தக்க மருந்துகளும் பதற்ற நோய்க்குப் பயன் தருபவை எனத் தெளிவாக அறியப்பட்டவை. மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. நாட்டின் பல இடங்களில் மெந்தாரி என்னும் சமூக மனநல மையங்கள் உள்ளன. சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.

காய்ச்சல் கண்டவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல நாம் தயங்குவதில்லை. மனம் பதறுபவரிடமும் அவ்வாறே நடந்துகொள்வோம். பக்கத்து வீட்டார் ஒருவர் உறங்காமல் விழித்திருப்பது தெரிந்தால், ஏளனம் செய்யாது அருகில் அமர்ந்து கேட்போம். மருத்துவரிடம் துணையாகச் செல்வோம்.