அரசு தேடும் தரவுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: அந்தரங்கம் அடிப்படை உரிமை, குடிமக்களின் விவரங்களை அரசு தொடவே முடியாது.

உண்மை: 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. ஆனால் அது வரம்பற்றதல்ல. சட்டத்தின் ஆதாரமும் நியாயமான நோக்கமும் இருந்து, தலையீடும் அளவோடு இருந்தால் அரசு தேடலாம்.

நம்பிக்கை: குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த கைரேகையை ஆதாரோடு ஒப்பிட்டுப் போலீஸ் ஆளைப் பிடித்துவிடும்.

உண்மை: சினிமாவில் பிடிக்கலாம். கோவா வழக்கு ஒன்றில் கைரேகைத் தரவுகளை சிபிஐ-க்குத் தரும்படி மும்பை உயர் நீதிமன்றம் சொன்னபோது, ஆதார் ஆணையம் மேல்முறையீடு செய்தது. உரியவரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி எந்த அமைப்புக்கும் அவற்றைத் தரக்கூடாது என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றைய ஆதார் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இருந்தாலும் கைரேகையும் கருவிழிப் பதிவும் கிடைக்காது. பெயர், முகவரி போன்றவற்றைப் பெறவே உயர் நீதிமன்ற நீதிபதியின் உத்தரவு வேண்டும். அதற்கு முன் ஆணையத்தின் தரப்பையும் உரியவரின் தரப்பையும் கேட்டாக வேண்டும்.

தேசப் பாதுகாப்பு என்று வந்தால் வழி வேறு. முன்பு மத்திய அரசின் இணைச் செயலாளரே உத்தரவிடலாம் என்றிருந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இன்னும் உயர்ந்த அதிகாரியும் அவரோடு ஒரு நீதிபதியும் முடிவெடுக்க வேண்டும் என்றது. 2019 திருத்தம் இணைச் செயலாளரின் இடத்தில் செயலாளரை வைத்தது, நீதிபதியைச் சேர்க்கவில்லை. உத்தரவைப் பரிசீலிக்கும் குழுவிலும் அமைச்சரவைச் செயலாளரும் இரண்டு துறைச் செயலாளர்களும்தான். கேட்பது, அனுமதிப்பது, மேற்பார்ப்பது மூன்றும் அரசே என்றால் காவல் பலவீனமானதுதான்.

நம்பிக்கை: பேச்சை ஒட்டுக்கேட்டால்தான் அத்துமீறல்; யார் யாருக்கு அழைத்தார் என்ற பட்டியலில் என்ன இருக்கிறது?

உண்மை: நிறையவே இருக்கிறது. காவல்துறையில் 'சிடிஆர்' எனப்படும் அந்தப் பட்டியல் அழைத்த எண், நேரம், கால அளவு, எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தார் என்பதையெல்லாம் காட்டும். சில மாதப் பட்டியல் ஒருவரின் மருத்துவரையும் வழக்கறிஞரையும் நண்பர்களையும் சொல்லிவிடும். ஆனாலும் ஒட்டுக்கேட்க வழக்கமாக உள்துறைச் செயலாளரின் உத்தரவு தேவைப்படும்போது, பட்டியலுக்குக் காவல்துறையின் கோரிக்கையே போதும். 2013-இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலைச் சட்டவிரோதமாகப் பெற முயன்ற விவகாரத்தில் டெல்லி போலீஸ்காரர் ஒருவரும் கைதானார். அதன் பிறகே எஸ்.பி. நிலைக்குக் கீழுள்ளவர்கள் இதைக் கேட்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது.

நம்பிக்கை: 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறைகளைத் தீர்த்துவிட்டது.

உண்மை: தீர்க்கவில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு ஓர் அறிவிப்பின் மூலம் முழு விலக்கு அளிக்கலாம். குற்றத்தைத் தடுக்கவோ புலனாய்வு செய்யவோ தரவைக் கையாண்டால் ஒப்புதல் தேவையில்லை. தன்னைப் பற்றிய எந்தத் தரவு கையாளப்பட்டது என்று கேட்டறிய இச்சட்டம் தரும் உரிமையும் அங்கே குடிமகனுக்குக் கிடையாது.