அடைக்கலம் தருவோர் படும் பாடு

முஹர்ரம் பிறந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் ஹிஜ்ரத்தைப் பற்றிய பயான்கள் நடக்கின்றன. ஸவ்ர் குகையையும் ஸுராக்காவின் குதிரையையும் பற்றிக் கண் கலங்கக் கேட்கிறோம். எல்லாம் புறப்பட்டுச் சென்றவர்களின் வரலாறு. மதீனாவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்களே அன்ஸாரிகள், அவர்கள் வீட்டில் மறுநாள் அடுப்பு எப்படி எரிந்தது, இருந்த பேரீச்சம்பழத்தில் எத்தனை பேர் பங்கு கொண்டார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மறுபாதியை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

நம் காலத்தில் இதற்குத் தக்க உதாரணம் வங்காள தேசம். 1971ல் அந்நாட்டு மக்களே சுமார் ஒரு கோடிப்பேர் அகதிகளாய் இந்தியாவுக்குள் வந்தவர்கள் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்கள் எல்லையை அடுத்திருக்கிறது பர்மாவின் அரக்கான் பகுதி. அங்கு வாழும் ரோஹிங்யா முஸ்லிம்கள் 1978ல் சுமார் இரண்டு லட்சம் பேரும், 1991-92ல் சுமார் இரண்டரை லட்சம் பேரும் நாஃப் நதியைக் கடந்து வந்தார்கள். பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மனமொப்பிப் போனவர்களைவிட நெருக்குதலுக்கு ஆளாகிப் போனவர்களே அதிகம். இதற்கிடையே பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியர்களாக்கிவிட்டது. 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் இராணுவ நடவடிக்கைக்குத் தப்பி, சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தார்கள்.

காக்ஸ் பஜார் மாவட்டத்தில் உக்கியா, டெக்நாஃப் என்று இரண்டு வட்டங்கள். இரண்டிலும் சேர்த்து ஊர்மக்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம். அவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மக்கள் அங்கே வந்து தங்கினார்கள். நம் ஊரில் ஒரு கந்தூரிக்குக் கூட்டம் வந்தாலே மூன்றாம் நாள் கிணற்றில் தண்ணீர் கலங்கிவிடுகிறது. வந்த கூட்டம் திரும்பிப் போகவே இல்லையென்றால்?

முதல் வாரங்களில் அவ்வூர் ஏழைகள் செய்த உபகாரம் மறக்கத்தக்கதல்ல. அரசும் பன்னாட்டு நிறுவனங்களும் வந்து சேருமுன், மீனவரும் விவசாயிகளும் தம் பானையிலிருந்த சோற்றைப் பகிர்ந்தார்கள். வீட்டு முற்றத்தில் இடம் கொடுத்தார்கள். பிறகுதான் சுமை தெரிய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டைத் திருத்தி, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடிசைகள் எழுந்தன. லட்சக்கணக்கான அடுப்புகளுக்கு விறகு வேண்டுமே! மரம் தீர்ந்தபின் வேரையும் தோண்டி எடுத்தார்கள். வேரில்லாத குன்று மழைக்கு நிற்குமா? மண் சரிந்து குடிசைகளை மூடிற்று. அந்தக் காடு யானைகள் போகும் வழியாகவும் இருந்தது. இரவில் வழக்கமான தடத்தில் வந்த யானைகளிடம் மிதிபட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018லிருந்து குடும்பங்களுக்குக் கேஸ் சிலிண்டர் வழங்கலானார்கள். வெறும் குன்றுகளில் மரம் நட்டார்கள். யானை வருவதைப் பார்த்துச் சொல்லக் காவல் கோபுரம் கட்டி அகதிகளையே அதில் அமர்த்தினார்கள். விறகைத் தேடிக் காட்டுக்குப் போன பெண்களுக்கு இருந்த ஆபத்தும் இதனால் குறைந்தது. ஒரு சிலிண்டரில் எத்தனை காரியம் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

தண்ணீர் வேறொரு கதை. அவசரத்தில் தோண்டிய ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் கழிப்பிடங்களின் அருகிலேயே அமைந்து அசுத்தமாயின. டெக்நாஃப் பக்கமோ நிலத்தடி நீரே அரிது. லாரியில் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதாயிற்று. காலரா பரவாமல் தடுக்க 2017 அக்டோபரிலேயே லட்சக்கணக்கானோருக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டார்கள். அது ஒரு பெரிய சாதனை. என்றாலும் அதே ஆண்டு முடிவதற்குள் தொண்டை அடைப்பான் நோய் தலைகாட்டிற்று. 2021 மார்ச் 22ல் பற்றிய தீயில் சுமார் 45,000 பேர் இருந்த குடிசையையும் இழந்தார்கள்.

உள்ளூர்க்காரர்களின் மனக்குறைகளையும் நாம் கேட்கவேண்டும். அகதி வேலை செய்யக் கூடாது என்பது அரசின் விதி. ஆனால் வயிறு விதியை அறியாது. குறைந்த கூலிக்கு மறைவாக வந்து நிற்கிறான். அதனால் உள்ளூர்க் கூலிக்காரனின் கூலி இறங்கிற்று. அதே சமயம் காய்கறியும் மீனும் விலை ஏறின. பள்ளி ஆசிரியர்கள் நல்ல சம்பளம் கிடைக்கிறதென்று நிவாரண நிறுவனங்களுக்குப் போய்விட, வகுப்பறைகள் வாத்தியாரின்றி நின்றன. அன்று சோறு போட்டவனின் பிள்ளைக்கு இன்று பள்ளிக்கூடம் இல்லை. இதைச் சொல்பவனை ஈமான் குறைந்தவன் என்று ஏசுவது எளிது, அது நியாயமாகாது. வரும் உதவியில் ஒரு பங்கைச் சுற்றுவட்டார ஊர்களுக்கும் செலவிட வேண்டுமென்று அரசு வற்புறுத்தியது முற்றிலும் சரியான முடிவென்றே நாம் கருதுகிறோம்.

வேலை செய்யக் கூடாதென்ற விதியைப் பற்றி மட்டும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. அரசின் அச்சம் புரிகிறது: வேலையும் நிலையான வீடும் கொடுத்துவிட்டால், இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று பர்மா கைகழுவிவிடும். ஆனால் இதன் விளைவாகப் பத்து லட்சம் பேர் பிறர் கையை எதிர்பார்த்தே உயிர்வாழ நேர்ந்தது. அந்தக் கையும் சுருங்கிற்று. ஒருவருக்கு மாதம் 12 டாலர் என்றிருந்த உணவுப் பங்கு, 2023 மார்ச்சில் 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் குறைக்கப்பட்டது. மறு ஆண்டில்தான் மீண்டும் உயர்ந்தது. உழைக்கத் தடை, உணவிலும் குறைவு என்றால் வாலிபன் எங்கே போவான்? ஆள் கடத்துவோரின் படகிலும், முகாமுக்குள் திரியும் ஆயுதக் கும்பலிலும் போய் விழுகிறான். அதை அடக்கப் போலீஸும் முள்வேலியும் வேண்டியதாகிறது. அதற்கும் செலவு அரசுடையதே.

இங்கே மதீனாவின் ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். எங்கள் பேரீச்ச மரங்களை முஹாஜிர்களுக்கும் எங்களுக்கும் பங்கிட்டுவிடுங்கள் என்று அன்ஸாரிகள் வேண்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. மரம் அன்ஸாரிகளுடையதாகவே இருக்க, முஹாஜிர்கள் தோட்ட வேலையில் பங்குகொண்டு விளைச்சலில் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. உடைமை உள்ளூராருடையது, உழைப்பு வந்தவருடையது, பலன் இருவருக்கும். செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களிடம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் கடைவீதிக்கு வழி கேட்டதும் இதே கருத்துத்தான். வீடில்லாதவர்களுக்குப் பள்ளிவாசலின் திண்ணை இடமாயிற்று. சகோதரராகப் பிணைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாகும் உரிமையும் தொடக்கத்தில் இருந்தது. நிலைமை சீரானபின் அது நீக்கப்பட்டு, வாரிசுரிமை இரத்த உறவினருக்கே திரும்பிற்று. கைபர் வெற்றிக்குப்பின் முஹாஜிர்கள் தாம் பெற்றிருந்த மரங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நெருக்கடிக்கென்று செய்த ஏற்பாடு வேறு, நிலையான சட்டம் வேறு என்ற தெளிவு அன்றே இருந்தது. மதீனாவுக்கு வந்தவர்கள் தொகை சிறிது. இன்றைய லட்சங்களோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வங்காள தேச அரசு வேறு வழிகளும் தேடிற்று. கடலில் வண்டல் சேர்ந்து உண்டான பாசன்சார் தீவில் ஒரு லட்சம் பேருக்கென்று சொந்தச் செலவில் வீடுகள் கட்டி, 2020 டிசம்பரிலிருந்து ஆட்களை அனுப்பிற்று. புயலுக்குப் பயந்து பலர் போகவில்லை; முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே குடியேறினார்கள். திருப்பி அனுப்பும் முயற்சி 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்ட்டிலும் நடந்தது. இரண்டாம் முறை பேருந்துகள் வந்து காத்து நின்றன, ஒருவரும் ஏறவில்லை. குடியுரிமையும் பாதுகாப்பும் இல்லாத இடத்துக்கு எப்படிப் போவார்கள்? முகாம்களிலோ ஆண்டுக்குச் சுமார் முப்பதாயிரம் குழந்தைகள் பிறக்கின்றன. 2024லிருந்து அரக்கானில் மூண்ட சண்டையால் மேலும் ஒரு லட்சத்துக்கு அதிகமானோர் வந்து சேர்ந்தனர்.

இத்தகையோருக்கு நம் ஜகாத்தைக் கொடுக்கலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறும் எட்டு வகையினரில் ஃபக்கீர், மிஸ்கீன், வழிப்போக்கர் ஆகிய மூன்றிலும் அகதிகள் அடங்கக்கூடும். வேறு ஊருக்கு அனுப்புவதில்தான் கருத்து வேற்றுமை. ஹனஃபி மத்ஹபில், உள்ளூரை விட அதிகத் தேவை உள்ளவர்களுக்கென்றால் அனுப்பலாம். ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, உரியவர்கள் உள்ளூரில் இருக்கும்போது ஜகாத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது; ஆகவே அவர்கள் தம் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேட்டுச் செய்வது நல்லது. பொதுவான ஸதகாவுக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. கொடுப்பவர்கள், முகாமில் இருப்பவருக்கென்று மட்டும் குறிப்பிடாமல், அம்முகாமைச் சூழ்ந்த ஊர்களின் ஏழைகளையும் சேர்த்துக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம்.