மூன்றாவது பழம்

ஸ்ட்ரோபெரியைக் கைநிறையப் பறிக்காதீர்கள். கையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. மூன்றாவது வந்ததுமே பெட்டியில் வைத்துவிடுங்கள். இது தெரியாமல் மூன்று நாள் சம்பளத்தைத் தொலைத்தவள் நான்.

இறம்பொடையில் பதினாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்த கை இது. உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே கூடையில் வீச வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பழம் பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது அதே வேகத்தோடு போனேன். விடியக்காலை பஸ், லபுக்கலை ஏற்றம், குளிருக்கு ஸ்வெட்டர் எல்லாம் தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கும் பழகியதுதான். பிள்ளைகளை மாமி பார்த்துக்கொள்வார்.

பறிக்கும் விதத்தை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. "கொழுந்துக்காரிக்குச் சொல்லணுமா?" என்று சூப்பவைசர் போய்விட்டார். நாலைந்து பழத்தைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். அப்போது பழம் பளபளவென்றுதான் இருந்தது. பின்னேரம் தரம் பிரிக்கிற மேசையில் பார்த்தால் பழத்துக்குப் பழம் பெருவிரல் தடம், கறுத்து, ஈரமாக. ஸ்ட்ரோபெரியில் பட்ட அடி உடனே தெரியாது, நேரம் போகத்தான் கறுக்கும். பாதிப் பழத்தில் பச்சைக் கொண்டையும் இல்லை, செடியிலேயே நின்றுவிட்டது. ஜாமுக்கு என்று ஒதுக்கினார்கள். அதற்கும் காசு உண்டுதானே? மூன்று நாள் காசையும் பிடித்துக்கொண்டார்கள். நிறுத்த கிலோவை நான் எழுதி வைக்காததால் கேட்க வழியில்லாமல் போயிற்று. நீங்கள் கொப்பியில் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகத்தைச் சுளித்தாலும் வாங்குங்கள்.

நாலாம் நாள் பக்கத்துப் பாத்தியில் நின்ற ஒரு சிங்கள அம்மா என் கையைப் பிடித்துக் காட்டினார். பழத்தைத் தொடாமல், அதற்கு மேலே காம்பை நகத்தால் கிள்ள வேண்டும். கொழுந்து கிள்ளிய நகத்துக்கு அது அரை நாளில் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

"இருக்கிற பேரை விட்டுட்டுப் போனா இப்பிடித்தான்" என்றார் எங்கள் லயத்துப் பெரியம்மா. 2021இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வந்தது. ஆனால் எங்கள் மலையில் கூடவே எடுக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். சீசன் முடியும்வரை நான் பழத்துக்குத்தான் போனேன். போனது சரிதான்.

சுற்றுலா வந்து காசு கட்டிப் பறிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். காம்படியில் வெள்ளை இருந்தால் விட்டுவிடுங்கள். வாழைக்காய் மாதிரி வீட்டில் வைத்துப் பழுக்காது, பறித்த அன்றைய இனிப்புத்தான். பனி காய்ந்த பிறகு பறியுங்கள். ஆழமான வாளி வேண்டாம், தட்டையான பெட்டி போதும். சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள்.

அடுத்த சீசனில் நானும் காசு கட்டி மகளைக் கூட்டிப்போனேன். அவள் நாலாவதுக்குக் கை நீட்டியபோது மணிக்கட்டைப் பிடித்தேன். வரும்போது பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் திறந்தால் ஒரு பழத்திலும் தடம் இல்லை. அதில் ஆறைக் கிண்ணத்தில் எடுத்து, "பெரியம்மாகிட்ட குடுத்துட்டு வா" என்று மகளை அனுப்பினேன்.