வியர்வைக்கென்றே விற்றுவிட்டு, வியர்வையால் கெட்டது என்கிறார்கள்!

கேள்வி: தினமும் காலையில் ஓடுபவன் நான். செல்போனைச் சுமக்க வேண்டாமே என்று, கழுத்தில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் பிளேயர் ஒன்றை 2023 ஜூலையில் ஆன்லைனில் ரூ.7,490-க்கு வாங்கினேன். பாட்டுகள் அதிலேயே பதிவாகிவிடும். ‘வியர்வை புகாது, ஐபிஎக்ஸ்7’ என்று விளம்பரம். ஓராண்டு வாரண்டி. நவம்பர் கடைசியில் பேச்சுமூச்சில்லை. டிசம்பர் 11 அன்று சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்துவிட்டு, “உள்ளே ஈரம் போயிருக்கு, வாரண்டி கிடையாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் கம்பெனிக்கு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஈரத்தால் வரும் பழுது வாரண்டியில் அடங்காது என்பதே பதில். டப்பாவை எறிந்துவிட்டேன், பில் கைவசம் இல்லை. மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது இரண்டே வார்த்தை: ‘வியர்வை புகாது’.

ஈரம் புகுந்தது என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. புகாது என்று சொல்லி விற்றவரும் அவரே. ஆக, ஈரம் எப்படிப் போனது என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விற்கும்போது கொடுத்த உறுதிக்கு மாறாகப் பொருள் இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது குறைபாடே. வாரண்டி அட்டையின் மூலையில் ‘ஈரத்துக்குப் பொறுப்பல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வேறு சொன்னார்கள் என்றால், நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் வாதிட இடமிருக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் கேளுங்கள். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை. உப்பு வியர்வைக்கோ சோப்புத் தண்ணீருக்கோ அந்தச் சோதனையில் இடமில்லை. ஐபிஎக்ஸ்7 என்று மட்டும் போட்டிருந்தால் உங்கள் வழக்கு நொண்டியிருக்கும். வியர்வையைப் பெயர் சொல்லி விற்றதால்தான் தைரியமாக எழுதுகிறேன். அந்த விளம்பரப் பக்கம் இன்னும் இணையத்தில் இருந்தால், இன்றிரவே தேதி தெரியும்படி பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அது மாறிவிட்டால் உங்களிடம் ஒன்றும் இருக்காது. மின்னணுப் பிரதி என்பதால் பாரதிய சாட்சிய அதினியம் 63-ம் பிரிவுச் சான்றையும் இணைப்பது நல்லது.

இனி, கோபத்தோடு சொல்ல வேண்டியது. ஏறக்குறைய இரண்டு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் ஐயா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். மெயில் போட்டுக்கொண்டே இருந்தால் கெடு தள்ளிப்போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். தள்ளிப்போகாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் தள்ளிப்போகாது. டிசம்பர் 11 வரை நேரமிருக்கிறது என்றும் கணக்குப் போடாதீர்கள். கருவி நின்றுபோன நாளே கணக்கு என்று எதிர்த்தரப்பு வாதிடும். நவம்பர் மூன்றாவது வாரத்துக்குள் புகார் உள்ளே போய்விட வேண்டும். தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தக்க காரணம் காட்ட வேண்டும். ‘மெயிலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தேன்’ என்பதைத் தக்க காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

அடுத்தது ஜாப் ஷீட். சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் வந்திருக்கிறீர்கள். இங்கே வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது? நல்லவேளை, ‘ஈரத்தால் வரும் பழுது’ என்று கம்பெனி மெயிலில் எழுதிக் கொடுத்திருக்கிறது. மறுப்புக்கு அதுவே எழுத்துச் சாட்சி. முழு முகவரி, தேதியோடு அச்செடுங்கள். பில்லை அந்த ஆன்லைன் கணக்கில் பழைய ஆர்டர்களுக்குள் போய்த் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். பணம் போனதற்கு வங்கிக் கணக்கு அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் டப்பாவில் அச்சாகியிருக்கும். அதைத்தான் எறிந்துவிட்டீர்களே, விற்பனைப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். விற்றவர், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் எல்லோரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்க வேண்டும்.

கருவியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்க வைத்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். வேறு கை பட்டது தெரிந்தால், ‘எங்களுக்குப் பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள்’ என்ற ஒரே வரியில் கம்பெனி தப்பிவிடும்.

கம்பெனி எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். சில நேரம் அதிலேயே பணம் திரும்பி வருவதுண்டு. ஆனால் அந்த முறையீடும் கெடுவை நிறுத்தாது.

ஐந்து லட்சம்? ரூ.7,490 பொருளுக்கு அந்தத் தொகையைக் கேட்டால், ஆணையத்துக்கு உங்கள் மேலேயே சந்தேகம் வரும். விலையும் வட்டியும், நியாயமான சிறு இழப்பீடும், வழக்குச் செலவும் கேளுங்கள். தயாரிப்பாளர் பொறுப்பு என்ற அத்தியாயத்தைக் காட்டி யாராவது ஆசை மூட்டலாம். பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் வராது. பேட்டரி சூடாகிக் கழுத்து வெந்திருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இது கடிதத்தை மட்டும் வைத்து எழுதிய பொதுவான கருத்து. வாரண்டி அட்டையை நான் பார்க்கவில்லை. தீபாவளி கழியட்டும் என்று இருந்துவிடாமல், மெயில் அச்சுகள், வாரண்டி அட்டை, கருவி மூன்றோடும் நாமக்கல்லில் நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள்.