கோவாக் குடும்பப் பயிர்களில் ஆண்மலடும் அதன் மீட்பும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே மணற்பாங்கான மேட்டுநிலங்களில் மரக்கறி பயிராகிறது. படுவான்கரையில் நெல்லே முதன்மையானது. இரு கரைக் கமக்காரரும் கேட்பது ஒரே வினா: விலைகொடுத்து வாங்கிய கலப்பினப் பயிரிலிருந்து அடுத்த போகத்துக்கு வித்தெடுக்கலாமா? இதற்கு விடை காண ஆண்மலடு என்பதை அறிதல் வேண்டும்.

கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி ஆகியவற்றின் ஒவ்வொரு பூவிலும் கேசரமும் சூலகமும் ஒருங்கேயுள்ளன. கலப்பின வித்துண்டாக்க, தாய்ச்செடியின் கேசரங்களை நீக்க வேண்டும். நுண்ணிய பூக்களில் இதனைக் கையாற் செய்வது பெருமளவுக்கு ஒவ்வாது. ஆதலால், இயல்பாகவே மகரந்தமற்ற செடி வித்தாளருக்குப் பெரும்பேறாகும். அத்தகைய முள்ளங்கியைப் பற்றி யப்பானில் ஒகுரா என்பார் 1968 இல் அறிவித்தார். இம்மலடு குழியவுருவிலுள்ள இழைமணிகளால் உண்டாவது. எனவே தாய்வழியாக மட்டுமே இறங்கும். பிரான்சிய ஆய்வாளர் இதனைக் கோவாக் குடும்பத்துக்கு மாற்றினர். குளிரில் இலைகள் வெளிறிய குறை, 1980 களில் முதலுருக்களை இணைக்கும் முறையால் நீக்கப்பட்டது.

மலட்டைப் போக்கும் மீட்புப் பரம்பரையலகும் முள்ளங்கியிலேயே உண்டு. அது 2003 இல் பிரித்தறியப்பட்டது. இலையை உண்ணும் கோவாவில் கமக்காரருக்கு அது தேவையில்லை. பூ மலடாயினும் தலை குறைவின்றித் திரளும். வித்தாளருக்கோ நிலை வேறு. மலட்டுக் கலப்பினம் தன்மகரந்தச் சேர்க்கை செய்யாது. அதன் நற்குணங்கள் பூட்டிய பெட்டகத்துப் பொருள்போலாகும். அப்பூட்டைத் திறக்கவே சீன ஆய்வாளர் அண்மைக்காலத்தில் மீட்புப் பரம்பரையலகைக் கடுகினப் பயிர்கள் வழியாகக் கோவாவினுட் கொணர்ந்தனர்.

நெல்லில் மணியே விளைவாதலால் மீட்பு இன்றியமையாதது. சீனாவில் 1970 இல் ஐனான் தீவிற் கண்ட மலட்டுக் காட்டு நெல்லிலிருந்து 1973 இல் மலட்டு வரிசை, பேணும் வரிசை, மீட்கும் வரிசை ஆகிய மூன்றும் அமைந்தன. 1976 முதல் கலப்பின நெல் வயல்களிற் பரவியது. மீட்கும் தந்தை இன்றேல் வயல் முழுதும் பதராகும். கலப்பின நெல்லின் மணியை மீண்டும் விதைத்தால் மீட்புப் பரம்பரையலகு சில பயிர்களுக்குச் சேராது. பயிர் சீரற்று நிற்பதுடன் சில கதிர்களிற் பதர் மிகும். கூலியும் பசளையும் செலவாகிக் கதிர் வந்தபின்னரே இது கண்ணுக்குத் தெரியும் என்பதே இதிலுள்ள கேடு. வழக்கமான பீ.ஜி., ஏ.ரி. இனங்கள் தன்மகரந்தச் சேர்க்கையுடையன; அவற்றைக் கலப்பின்றிப் பேணி வித்தாக வைக்கலாம்.

கோவா பூக்கச் சில கிழமைக் குளிர் வேண்டும். வாவிக்கரை வெப்பத்தில் அது பெரும்பாலும் பூவாது. ஆகவே வித்தெடுக்கும் பேச்சே எழாது. முள்ளங்கி இங்கும் பூக்கும். பீரலு போன்ற இனத்தில் வித்தெடுப்போர் முதற்பூ விரிந்ததும் காலையில் ஒவ்வொரு செடியின் மகரந்தக்கூட்டையும் விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சட்பொடி ஒட்டாது கூடு வெளிறிச் சுருங்கியிருப்பின் அச்செடி மலடு. தேனீக்கள் அயற்செடி மகரந்தத்தைக் கொணர்வதால் அதுவும் காய்த்து வித்துத் தரும், அதனால் ஏமாறலாகாது. அவ்வித்து மலட்டைத் தொடர்ந்து சுமக்கும். அத்தகைய செடிகளை அன்றே பிடுங்கிக் கிழங்கைச் சமையலுக்கோ மாட்டுக்கோ பயன்படுத்துக.